சுத்தமான நெருப்பு என்னும் நம்பிக்கை

2025 ஜனவரி 9 அன்று, தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட காற்று மாசு வழக்கில், மும்பை உயர் நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி தேவேந்திர குமார் உபாத்யாய, நீதிபதி கிரீஷ் குல்கர்னி அமர்வு ஓர் உத்தரவு போட்டது. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் காஸுக்கோ வேறு பசுமை எரிபொருளுக்கோ மாறிவிட வேண்டும். அந்த உத்தரவோடு எனக்குச் சண்டை இல்லை. உடைந்த கட்டில், பெயின்ட் அடித்த கதவு, பிளைவுட் துண்டு எல்லாம் பாவ் சுடும் அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்த ஊரில் அது வந்தே தீர வேண்டிய உத்தரவு. என் சண்டை அதைச் சுற்றிப் படர்ந்திருக்கும் நம்பிக்கையோடு. எரிபொருள் சுத்தமாக இருந்தால் நெருப்பும் சுத்தம். சுடர் நீலமாக எரிந்து புகை கண்ணில் படாவிட்டால் காற்றுக்குக் கேடு ஒன்றுமில்லை. சிஎன்ஜி பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பது இதுதான், மந்திரிகள் பேசுவதும் இதுதான். பள்ளிப் புத்தகத்துச் சமன்பாடும் இதற்கே துணை போகிறது: மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். சமன்பாட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனால் எந்த அடுப்பும் எந்த எஞ்சினும் வெறும் ஆக்சிஜனில் எரிவதில்லை, காற்றில்தான் எரிகிறது. அந்தக் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். புத்தகம் அதைப் பார்வையாளராக ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறது.

சாதாரண வெப்பத்தில் நைட்ரஜன் பார்வையாளர்தான். அதன் இரண்டு அணுக்களையும் பிணைத்திருக்கும் முப்பிணைப்பு வேதியியலிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்று. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆவதற்கு வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மோல் உருவாக ஏறக்குறைய 180 கிலோஜூல். வெப்பத்தை விழுங்கும் வினையின் சமநிலை, சூடு ஏற ஏற விளைபொருளின் பக்கம் சாயும். நாம் மூச்சுவிடும் வெப்பநிலையில் இந்தச் சமநிலை தரும் நைட்ரிக் ஆக்சைடு எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவு சொற்பம். 1000 கெல்வினில், அதாவது 727 டிகிரி செல்சியஸில், காற்றின் பத்து லட்சம் பங்கில் முப்பது நாற்பது பங்கு. 2000 கெல்வினிலோ ஏறக்குறைய எட்டாயிரம் பங்கு. வெப்பநிலை இரண்டு மடங்கானதற்கு நஞ்சு இருநூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்தக் கணக்கில் எரிபொருளின் பெயர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விறகோ, டீசலோ, சிஎன்ஜியோ, நாளைக்கு வரப்போவதாகச் சொல்லும் ஹைட்ரஜனோ, சூட்டைக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது. நஞ்சுக்கான கச்சாப்பொருள் இரண்டும் காற்றிலிருந்தே வருகின்றன.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. இதை வைத்தே ஒரு காலத்தில் தொழிற்சாலை நடந்திருக்கிறது. 1903-ல் நார்வேயில் பிர்க்கலாந்து, ஐடே என்ற இருவர் 3000 டிகிரிச் சூட்டில் மின்வில் ஒன்றை எரியவிட்டு, அதன் ஊடாக வெறும் காற்றைச் செலுத்தி, வெளியேறியதைச் சட்டென்று குளிரவைத்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்தார்கள். அதிலிருந்து நைட்ரிக் அமிலம், அமிலத்திலிருந்து உரம். கிடைத்தது நூற்றுக்கு ஓரிரு பங்குதான், தின்ற மின்சாரமோ ஏராளம். அதனால்தான் உலகம் அம்மோனியா வழிக்கு மாறியது. மும்பையின் செம்பூரில் 1960களில் எழுந்து, 1978 முதல் ஆர்.சி.எஃப். என்ற பெயரில் நடக்கும் உர ஆலை நைட்ரஜனை வசப்படுத்துவதும் அம்மோனியா வழியில்தான். நார்வேக்காரர்கள் கட்டுப்படியாகாது என்று கைவிட்ட அந்தப் பழைய வழியைத்தான் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் சுனாபட்டியைக் கடக்கும் ஒவ்வொரு எஞ்சினும் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. சிலிண்டருக்குள் எரிபொருள் பற்றி எரியும் கணத்தில் 2000 டிகிரியைத் தாண்டும் வெப்பம், அடுத்த சில ஆயிரத்திலொரு நொடிக்குள் பிஸ்டன் இறங்கி வாயு விரிந்து குளிர்தல். சூடாக்கு, சட்டென்று குளிரவை என்ற அதே செய்முறை.

வேதியியல் கொஞ்சம் படித்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள். அது நியாயமான தடை. சூட்டில் சாய்ந்த சமநிலை, சூடு தணிந்ததும் திரும்பத்தானே வேண்டும்? புகைபோக்கியின் வாயை எட்டுவதற்குள் நைட்ரிக் ஆக்சைடு மறுபடியும் நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்திருக்க வேண்டாமா? இதற்குப் பதில் சமநிலையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்தோவிச் 1940களில் இதைத் தெளிவாக்கினார். ஓர் ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூற்றை மோதி உடைப்பதுதான் முதல் படி. அதற்கு மிகப்பெரிய ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். தனி ஆக்சிஜன் அணுக்களும் கடுஞ்சூட்டில்தான் போதிய அளவு கிடைக்கும். ஆகவே 1900 டிகிரி செல்சியஸை ஒட்டி, சூடு இன்னும் ஓர் ஐம்பது டிகிரி ஏறினாலே நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இறங்கும்போது அதே கிடுகிடுப்பில் வேகம் செத்துப்போகிறது. ஒருவனை ஏணி வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டு, அவன் இறங்குவதற்குள் ஏணியை எடுத்துக்கொண்டு போனால் எப்படி? நைட்ரிக் ஆக்சைடு அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. குளிர்ந்த புகையில் அது இருக்கவே கூடாது என்கிறது சமநிலை. கருவியை நீட்டினால் இருக்கிறது. சமநிலை உண்மையில் நம் கட்சிதான். அதை எட்டுவதற்கு வாயுவுக்கு நேரம் கொடுக்காமல் விரட்டுவது நம் அடுப்பும் எஞ்சினும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், தீர்வு எங்கே இருக்கிறது என்பதும் பின்னால் விளங்கும்.

‘முழுமையாக எரியவிட்டால் மாசு இல்லை’ என்பது அடுத்த நம்பிக்கை. எரிபொருள் விற்பவரும் அடுப்பு விற்பவரும் பொறியியல் பட்டதாரிகள் பலரும் சேர்ந்தே சொல்வது. முழுமையாக எரிய என்ன வேண்டும்? நல்ல சூடு, கொஞ்சம் மிகுதியான காற்று, சூட்டில் தங்கப் போதிய நேரம். இந்த மூன்றும் கார்பன் மோனாக்சைடையும் கரித்துகளையும் ஒழிக்கும் என்பது உண்மை. நைட்ரிக் ஆக்சைடை வளர்ப்பவையும் இதே மூன்றுதான். ஒரு மாசை அடக்கத் திருகும் குமிழ் இன்னொரு மாசைத் திறந்துவிடுகிறது. சூடு கூடினால் முழுமை கூடும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2000 கெல்வினுக்கு மேல் போனால் கரியமில வாயுவே கொஞ்சம் பிரிந்து, சுடரின் உச்சியில் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நிற்கும். ஆனால் அது புகை மெல்லக் குளிரும்போது மீண்டும் எரிந்து அடங்கிவிடும், நைட்ரிக் ஆக்சைடு போல மாட்டிக்கொள்வதில்லை. குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் சுடர் மோதினால்தான் அதுவும் பாதியில் நிற்கும். ஆக, ‘நல்லா எரியுது’ என்று மெக்கானிக் மெச்சும் சுடர் கார்பன் மோனாக்சைடு பரீட்சையில் தேறிய சுடர், அவ்வளவே. மற்ற பரீட்சையை யாரும் வைக்கவில்லை.

தாராவி கும்பார்வாடாவின் சூளைகள் இதற்கு எதிர்முனைச் சாட்சி. பஞ்சுக்கழிவு போட்டுச் சுடும் அந்தச் சூளைப் புகை சயான் வரை அடிக்கும், கண் எரியும், நெஞ்சு அடைக்கும். ஆனால் மண்பானை வேகும் சூடு ஆயிரம் டிகிரிக்குள்தான். காற்றின் நைட்ரஜனை உடைக்க அது காணாது. எரிபொருளிலேயே அடங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச நைட்ரஜன் எரிந்து வருவதுதான் அங்கே பெரும்பகுதி. அதற்காகச் சூளைப்புகை நல்லது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதன் துகளும் கார்பன் மோனாக்சைடும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்களும் எந்த நைட்ரிக் ஆக்சைடையும் விடக் கொடியவை, அவற்றை முதலில் நிறுத்தத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: கறுப்புப் புகைக்கும் கண்ணுக்குத் தெரியாத நைட்ரிக் ஆக்சைடுக்கும் பிறப்பிடம் வேறு வேறு. ஒன்று போதாத சூட்டின் பிள்ளை, மற்றது மிகுந்த சூட்டின் பிள்ளை. முன்னதை ஒழித்ததற்கான சான்றிதழைப் பின்னதற்கும் சேர்த்து எழுதிக் கொடுப்பதுதான் இந்தச் ‘சுத்த எரிபொருள்’ பேச்சு.

அந்தச் சான்றிதழ் வெறும் உவமையாகச் சொன்னதல்ல. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும், வண்டிப் புகையைச் சோதிக்கும் பியூசி வேனைப் பாருங்கள். டாக்ஸியோ ஆட்டோவோ வந்து நிற்கிறது. சைலன்ஸருக்குள் ஒரு குழாயைச் செருகுகிறார்கள், எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிஷத்தில் தாள் கைக்கு வருகிறது. பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்கு அந்தத் தாளில் இருப்பவை கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடுக்கு அதில் கட்டமே கிடையாது. கட்டம் இருந்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் சுமை இல்லாமல் சும்மா ஓடும் எஞ்சினில் சிலிண்டர் அவ்வளவு சூடேறாது. வண்டி பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போதுதான் நைட்ரிக் ஆக்சைடு கொட்டும், அங்கே குழாய் செருக ஆள் இல்லை. போதாக்குறைக்கு, 2024-ல் ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பு தில்லியிலும் குருகிராமிலும் ஓடும் வண்டிகளின் புகையைச் சாலையோரத்திலிருந்தே அளந்து பார்த்தது. சிஎன்ஜி வண்டிகளும் தப்பவில்லை: ஒருவகைச் சிறு சரக்கு வண்டிகள் ஆய்வக வரம்பைப் போல பதினான்கு மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. எரிபொருள் அதே சுத்தமான மீத்தேன்தான். இந்த ஊர் டாக்ஸியும் ஆட்டோவும் பெரும்பாலும் சிஎன்ஜிக்கு மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டீசல் கரியிலிருந்து அது கொடுத்த விடுதலை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மாறியதோடு கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடியது யார்?

‘மும்பையில் நைட்ரஜன் டை ஆக்சைடு வரம்புக்குள்தானே இருக்கிறது, துகள்தானே இங்கே பிரச்சினை?’ என்று கேட்பவர்களிடம் எந்த வரம்பு என்று திருப்பிக் கேட்க வேண்டும். 2009-ல் நாம் வைத்துக்கொண்ட ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2021-ல் உலக சுகாதார அமைப்பு அதை 10-க்கு இறக்கிவிட்டது. நம்முடையதில் கால்வாசி. தவிர, நைட்ரிக் ஆக்சைடு பிறந்த இடத்தில் பிறந்த வடிவிலேயே இருந்துவிடுவதில்லை. ஓசோனைத் தின்று டை ஆக்சைடு ஆகும். டை ஆக்சைடு நைட்ரிக் அமிலமாகும். கடற்கரை நகரத்தில் அந்த அமிலம் காற்றில் மிதக்கும் கடலுப்போடு வினைபுரிந்து சோடியம் நைட்ரேட் துகளாகிவிடும். துகளை மட்டும் எண்ணுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவரும் கடைசியில் இதை எண்ணியாக வேண்டும். செம்பூர்க்காரர்களுக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு. பக்கத்து மாஹுலின் எண்ணெய்க் கிடங்குகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் விட்ட ஆவிகளுக்காக 2020 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நான்கு நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறக்குறைய 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது நினைவிருக்கலாம். அந்தக் கரிம ஆவிகள் ஒரு பக்கம், நெடுஞ்சாலையின் நைட்ரஜன் ஆக்சைடு மறுபக்கம், மேலே மார்ச் மாத வெயில். மூன்றும் கூடினால் பிறப்பது ஓசோன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கண்ணெரிச்சலுக்கு இந்தக் கூட்டே காரணம் என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களிலேயே காட்டிவிட்டார். தீர்ப்பாயம் ஆவிகளைக் கேட்டது. மற்றப் பாதியைக் கேட்க ஒரு வழக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. தாராவியில் பத்துக்குப் பத்து அறை, ஒரே ஜன்னல், அதுவும் சந்தைப் பார்த்தது. சமையலும் படிப்பும் தூக்கமும் அதற்குள்தான். காஸ் சிலிண்டர் வந்ததால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் கரியிலிருந்து பெண்கள் தப்பினார்கள் என்பது பெரிய லாபம். ஆனால் நீலச் சுடரின் விளிம்பு 1900 டிகிரியை நெருங்குகிறது, அங்கே பிறப்பது அறைக்குள்ளேயே தங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் அமெரிக்க வீடுகளில் அளந்தபோது, காற்றுப்போக்கி இல்லாத சிறிய சமையலறையில் காஸ் அடுப்பை ஏற்றிய சில நிமிஷங்களிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த நாட்டின் ஒருமணிநேர வரம்பைத் தாண்டியதைக் கண்டார்கள். அவர்கள் ‘சிறிய’ என்று சொன்ன சமையலறையும் இங்கே ஒரு குடும்பத்தின் முழு வீட்டைவிடப் பெரிதாகத்தான் இருந்திருக்கும். இதைச் சொன்னால் சிலிண்டருக்கு எதிராகப் பேசுவதாகக் கோபிப்பார்கள். சிலிண்டரோடு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் மானியமாக வரட்டும் என்று கேட்பது சிலிண்டருக்கு எதிர்ப்பா?

‘இயற்கை விதி என்கிறீர்கள், அப்புறம் என்னதான் செய்வது?’ என்ற கேள்வியில் உள்ள கைவிரிப்பை ஏற்க முடியாது. விதி தெரிந்தால்தான் அதைச் சுற்றிப் போக வழி தெரியும். நைட்ரிக் ஆக்சைடு பிறப்பது உச்சச் சூட்டில். உச்சத்தைக் கொஞ்சம் மழுக்கினால் போதும், மொத்த வெப்பத்தைக் குறைக்க வேண்டியதில்லை. எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே நன்றாகக் கலந்து மிகுகாற்றில் எரிப்பது, காற்றைத் தவணை தவணையாக விடுவது, குளிர்ந்த புகையில் ஒரு பகுதியைச் சுடருக்கே திருப்பி அனுப்புவது, இவையெல்லாம் கொதிகலன் உலகத்தில் பல பத்தாண்டுப் பழக்கம். மீறிப் பிறந்ததை அழிக்கச் சமநிலையையே துணைக்கு அழைக்கலாம். குளிர்ந்த புகையில் நைட்ரிக் ஆக்சைடு பிரியத்தான் விரும்புகிறது, வேகம்தான் இல்லை என்று பார்த்தோமே. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடின் துணையோடு அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் பெட்ரோல் காரின் சைலன்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ரோடியம் பூசிய வினையூக்கி. பெரிய டீசல் லாரியில் அதே வேலைக்கு யூரியாக் கரைசல் தெளிக்கிறார்கள். செம்பூர் ஆலை வயலுக்கு அனுப்பும் அதே யூரியாதான் சரக்கு. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தபோது டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08-க்கு இறங்கியது எரிபொருளை மாற்றியதால் மட்டும் அல்ல. டீசலில் கந்தகத்தைக் குறைத்தார்கள். அதற்கு மேல், வரம்பை எட்ட வண்டிகளில் வினையூக்கியும் வந்தது. வரம்பு எழுதியிருந்தால் தொழில்நுட்பம் பின்னாலேயே வரும். எழுதாத இடத்தில் எது மலிவோ அதுவே வரும்.

பேக்கரிக்குப் போய் இவ்வளவு பெரிய பேச்சா என்று இளக்காரமாகக் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் காற்று வாரியம் 2014-லேயே ரொட்டி அடுப்பு உள்ளிட்ட உணவு அடுப்புகளுக்கென்று தனி விதி கொண்டுவந்து, அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடை அடுப்பின் சூட்டைப் பொறுத்து 40 அல்லது 60 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நிறுத்தச் சொன்னது. அவை எரித்ததும் இயற்கை எரிவாயுதான். எரிபொருள் ஏற்கெனவே சுத்தம் என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை. அந்த விதியில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது: அளவை 3 சதவீத ஆக்சிஜனுக்குச் சரிக்கட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கிக்குள் வெறும் காற்றை ஊதி நீர்க்கச் செய்து எவரும் தேறிவிடலாம். நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம் தெரிந்த எவரும் இந்த ஒரு வரியை விட்டுவிட மாட்டார்கள்.

மின்அடுப்பே நல்லது என்பது என் தரப்பு, ஏனெனில் சுடர் இல்லாத இடத்தில் செல்தோவிச்சுக்கு வேலை இல்லை. ‘அந்த மின்சாரம் டிராம்பேயில்தானே எரிகிறது, புகையைச் செம்பூர்க்காரன் தலையில் தள்ளுவதா?’ என்ற எதிர்க்கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த ஊரின் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கேதான் நிலக்கரியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு எழுதிய மத்திய அரசு, 2004 முதல் 2016 வரை கட்டியவற்றுக்கு கனமீட்டருக்கு 300 மில்லிகிராம் என்றிருந்ததை 2020 அக்டோபரில் 450 ஆகத் தளர்த்திக்கொடுத்தது. சுடரை அடக்கும் வித்தை கைவசம் இருந்தும் வரம்பைத்தான் உயர்த்தினார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கான பேக்கரிப் புகைபோக்கிகளில் ஒவ்வொன்றாக ஏறி அளப்பதைவிட, ஒரு பெரிய புகைபோக்கியை நாள் முழுக்கக் கண்காணிப்பது எளிது. சூரிய மின்சாரம் கூடக்கூட அந்தக் கடனும் குறையும். காஸ் பர்னரின் கடன் அது எரியும் வரை குறையாது.

காஸுக்கே போகிறவர்கள் போகட்டும். விறகு அடுப்பை இடித்துவிட்டு பர்னர் வாங்கும் பேக்கரிக்காரர் அதை ஒரு தடவைதான் வாங்குவார், பிறகு பத்துப் பதினைந்து வருஷம் அதோடுதான் குடும்பம். பாவின் விலையை நாலணா ஏற்றினாலே சண்டைக்கு வரும் ஊரில், சட்டம் கேட்காத பர்னருக்கு அவர் கூடுதல் பணம் போடுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வித்தியாசத் தொகையை அரசு மானியமாகத் தரலாம், மாநகராட்சி உரிமக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். உரிமப் படிவத்தில் ‘எரிபொருள்: காஸ்’ என்ற வரிக்குக் கீழே, 3 சதவீத ஆக்சிஜனுக்குச் சரிக்கட்டிய நைட்ரஜன் ஆக்சைடு எத்தனை பிபிஎம் என்று இன்னொரு வரி வேண்டும். புதிய புகைபோக்கி கட்டும்போதே அளவுக் கருவியின் குழாய் நுழைய ஒரு துளை விட்டு, அதற்கு ஒரு மூடி போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு தகரத்தை வெட்டிப் போடுவதைவிட இப்போது போடுவது மலிவு.